தென்னைக்கு ஒரு பணம்: போகப்போகிறவன் வரி எடுத்தால்

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் 1796க்கும் 1802க்கும் இடைப்பட்ட ஆறு வருடங்களை நாங்கள் எல்லோரும் மிக வேகமாகக் கடந்து வந்திருக்கிறோம். ஒல்லாந்தர் போனார்கள், பிரித்தானியர் வந்தார்கள், கிழக்கிந்தியக் கம்பனி கொஞ்ச நாள் ஆண்டது, தென்னை மரத்துக்கு வரி போட்டது, சனம் கிளர்ந்தது, பிறகு நோர்த் தேசாதிபதி வந்தார். பரீட்சைக்கு இவ்வளவும் போதும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ஆனால் ஆறுதலாக யோசித்தால் ஒரு கேள்வி இடிக்கிறது. ஏன் தென்னை மரம்?

தென்னை ஒரு பொறுமையான மரம். நட்டு ஆறேழு வருடம் பார்த்துக் கும்பிட்டால்தான் காய்க்கத் தொடங்கும். பிறகு நட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கும் காய்க்கும். அப்படியான மரத்துக்கு, விளைச்சலைப் பார்க்காமல், தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கேட்டால் என்ன நடக்கும்? புதுப் பிள்ளை வைக்க ஒருவருக்கும் மனம் வராது. காய்ப்புக் குறைந்த மரத்தை வைத்திருப்பதைவிட வெட்டிவிடுவதே லாபம் என்று தோன்றும். பத்து வருடத்துக்குப் பிறகு வரி எடுக்க மரமே மிஞ்சாது. இது கம்பனிக்காரருக்குத் தெரியாதா? இந்தியாவில் பெரிய பெரிய நிலப்பரப்புகளில் வரி எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். கட்டாயம் தெரிந்திருக்கும். அப்படியென்றால் ஏன் போட்டார்கள்?

நாங்கள் வந்து சேர்ந்த பதில் எளிமையானது. பத்து வருடத்துக்குப் பிறகு தாங்கள் இந்தத் தீவில் இருப்போம் என்று அவர்கள் நம்பவில்லை. ஓர் ஆட்சியாளன் மக்களின் சட்டைப்பைக்குள் எவ்வளவு ஆழமாகக் கையை விடுவான் என்பதை அவனுடைய குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. "நான் இன்னும் எவ்வளவு காலம் இங்க இருப்பன்? இதுக்குப் பிறகு எனக்கு என்ன பதவி கிடைக்கும்?" என்ற அவனுடைய கணக்கும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எங்கட கரையோரத்தைவிட நல்ல உதாரணம் தேடித் திரியத் தேவையில்லை.

கடன் வாங்கின வீடு

1795இன் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தன. அந்நாட்டின் ஆட்சித் தலைவரான ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், லண்டனுக்கு அருகிலுள்ள கியூ என்ற இடத்தில் தங்கினார். அங்கிருந்து ஒல்லாந்தக் குடியேற்றங்களின் தேசாதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார். பிரித்தானியப் படைகளை நண்பர்களாக உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் இடங்கள் போய்விடக்கூடாது என்பதே அதன் சாரம். சமாதானம் வந்ததும் இடங்கள் திரும்ப ஒப்படைக்கப்படும் என்பதுதான் அப்போது இருந்த எண்ணம்.

இங்கே ஒப்படைப்பு அவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. 1795 ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் விழுந்தன. 1796 பெப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது. படையெடுப்பை நடத்தியது மதராஸில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனி. செலவும் அதன் தலையில். ஆகவே பிடித்த கரையோரத்தை மதராஸிலிருந்தே ஆளத் தொடங்கினார்கள்.

இப்ப கம்பனியின் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் யுத்தம் நடக்கிறது. அது முடிந்தால் சமாதான மேசையில் இலங்கை பேரம் பேசப்படும். 1797இல் பிரான்சின் லீல் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில் உண்மையிலேயே அப்படிப் பேசப்பட்டது. ஒல்லாந்தருக்குத் திரும்பப் போகலாம். அல்லது லண்டன் அரசாங்கமே நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். எது நடந்தாலும் கம்பனி கையில் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கடன் வாங்கின வீட்டுக்கு யாரும் கூரை மாற்றுவதில்லை. இருக்கும் வரைக்கும் முற்றத்து மாங்காயைப் பிடுங்கிச் சாப்பிடுவார்கள்.

மேலிருந்து கீழ் வரை அவசரம்

கரையோரத்தின் வரிப் பொறுப்பு றொபேட் அன்ட்றூஸ் என்ற மதராஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்டது. அவரும் அவருடன் வந்தவர்களும் மதராஸ் சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பதவி உயர்வு கொழும்பிலோ காலியிலோ தீர்மானிக்கப்படவில்லை, மதராஸ் கோட்டைக்குள் தீர்மானிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பார்த்தால் இங்குள்ள கிராமம் தெரியாது. கணக்குப் புத்தகத்தின் கடைசி வரிதான் தெரியும். இந்த வருடம் வருமானம் கூடினால் நல்ல பெயர். அடுத்த வருடம் அந்தக் கிராமம் என்ன ஆனது என்று கேட்கப்படும்போது அவர் வேறு இடத்தில் வேறு பதவியில் இருப்பார்.

அவர்கள் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இந்த அவசரம் தெரிகிறது.

முதலாவது, ஒல்லாந்தர் காலத்தில் வரியையும் ஊழியத்தையும் ஒழுங்குபடுத்திய முதலிமாரை ஒதுக்கிவிட்டு, தென்னிந்தியாவிலிருந்து அமில்தார் எனப்பட்ட வரி அதிகாரிகளைக் கொண்டுவந்தார்கள். முதலிமார் ஒன்றும் புனிதர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஊரில் காணி இருந்தது, சொந்தம் இருந்தது, நாளைக்கும் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அமில்தாருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

இரண்டாவது, வரி எடுக்கும் உரிமையை ஏலத்தில் கூடுதலாகக் கேட்டவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரர் முதலில் காசைச் சொல்லி உரிமையை வாங்குகிறார். பிறகு சொன்னதையும் அதற்கு மேலே தன் லாபத்தையும் குத்தகை முடிவதற்குள் சனத்திடமிருந்து எடுத்தாக வேண்டும். அடுத்த முறை ஏலம் அவருக்குத்தான் விழும் என்று யார் சொன்னது?

மூன்றாவது, நிலத்துக்குப் பதிலாக ஊழியம் செய்யும் பழைய முறையைத் தூக்கிவிட்டு, விளைச்சலில் பங்கும் காசும் கேட்டார்கள். அதன் உச்சம்தான் மரத்துக்கு ஒரு பணம். பணம் என்பது அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு சிறிய நாணயத்தின் பெயர். காசு அதிகம் புழங்காத கிராமங்களில், தேங்காய் விற்றாலும் விற்காவிட்டாலும், மரத்தை எண்ணிக் கைக்காசு கேட்கப்பட்டது.

கம்பனிக்கு அவசரம், உத்தியோகத்தருக்கு அவசரம், குத்தகைக்காரருக்கு இன்னும் அவசரம், அமில்தாருக்கும் அவசரம். நாலு படியிலும் "நாளைக்கு நான் இங்க இல்லை" என்று நினைக்கும் ஆட்கள். எல்லாருடைய அவசரமும் கடைசியில் ஒரே ஆளின் வளவுக்குள்தான் வந்து இறங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கதையை வெள்ளைக்காரனுக்கும் சுதேசிக்கும் இடையிலான கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. கையில் ஏடு வைத்து மரம் எண்ணியவர்கள் அக்கரையிலிருந்து வந்தவர்கள். வரி எடுப்பவன் எங்களைப் போன்ற நிறத்தில் இருந்தானா என்பதைவிட, அவனுக்கு எங்கட ஊரில் நாளை என்று ஒன்று இருந்ததா என்பதே இங்கு பெரிய கேள்வியாக இருக்கிறது.

மன்னார்க் கடலும் அதே கதையும்

தென்னை மரம் கண்ணுக்குத் தெரிகிற உதாரணம். கடலுக்கு அடியிலும் இதே கணக்குத்தான் நடந்தது.

மன்னார்க் குடாவில் அரிப்பு, சிலாபத்துறைப் பக்கத்து முத்துச் சிப்பிப் பார்கள் பழைய காலம் தொட்டுப் பேர்பெற்றவை. சிப்பி முற்றி நல்ல முத்துக் கொடுக்க ஐந்தாறு வருடமாவது வேண்டும். அவசரப்பட்டுக் குஞ்சுச் சிப்பியை அள்ளினால் முத்தும் கிடைக்காது, பாரும் அழியும். ஒல்லாந்தரின் கடைசி முத்துக்குளிப்பு 1768இல். அதற்குப் பிறகு அவர்கள் போகும்வரை ஏறத்தாழ 27 வருடங்கள் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சிப்பிகள் கடலடியில் தங்கள் பாட்டில் வளர்ந்தன.

1796இல் பொறுப்பெடுத்த கையோடு பிரித்தானியர் முத்துக்குளிப்பை நடத்தினார்கள். 1797இலும் நடத்தினார்கள், 1798இலும் நடத்தினார்கள். கடைசி இரண்டு வருடங்களிலும் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் ஒவ்வொரு வருடமும் ஒரு லட்சம் பவுணுக்கு மேல். அந்தக் காலத்தில் அது மலைப்பான தொகை. 1799இல் வருமானம் படுத்துவிட்டது. மூன்று தசாப்தச் சேமிப்பை மூன்று பருவத்தில் எடுத்துச் செலவழித்தால் வேறென்ன நடக்கும்?

சிப்பிக்கும் தென்னைக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. இரண்டும் காத்திருப்பவருக்குத்தான் கொடுக்கும். காத்திருக்க நேரமில்லாத ஆட்சிக்கு இரண்டும் ஒருமுறை வெட்டி எடுக்கும் பொருட்கள்.

திரியும் கள்ளனும் குந்திய கள்ளனும்

இதை ஒரு பொதுவான விதியாகச் சொன்னவர் மன்கர் ஒல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். 1993இல் வெளியான ஒரு கட்டுரையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீனாவின் போர்ப்பிரபுக்களை வைத்து அவர் யோசிக்கிறார். ஊர் ஊராகத் திரியும் கள்ளன் வந்த இடத்தில் உள்ளதெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவான். அடுத்த முறை அங்கே வருவானோ தெரியாது, மிச்சம் வைத்து அவனுக்கு என்ன லாபம்? ஆனால் ஒரே ஊரில் குந்திவிட்ட கள்ளன் வேறு மாதிரி. ஊர் செழித்தால்தான் அவனுக்கு வருடா வருடம் கிடைக்கும். அதனால் ஒரு பகுதியை மட்டும் எடுப்பான், வேறு கள்ளரை உள்ளே விடமாட்டான், சில வேளை வாய்க்காலும் வெட்டிக் கொடுப்பான். அன்பினால் இல்லை, கணக்கினால்.

ஒல்சனின் மற்ற வாதம் முக்கியமானது. குந்தியிருக்கும் கள்ளனுக்கே தன் கதிரை ஆடுகிறது என்று தெரிந்தால், அவன் அந்த நிமிடமே திரியும் கள்ளனாக மாறிவிடுவான். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் அது நடந்தது. மாகாணம் பல தளபதிகளுக்கிடையில் பங்குபோடப்பட்டிருந்தது. இன்றைக்கு ஒருவர் கையில் இருக்கும் மாவட்டம் நாளைக்கு இன்னொருவர் கையில். அதனால் நிலவரியைப் பல தசாப்தங்களுக்கு முன்கூட்டியே வசூலித்தார்கள். இன்னும் பிறக்காத பிள்ளை விதைக்கப்போகும் நெல்லுக்கு இப்பவே வரி.

ஆட்சியாளனுடைய பயம் எப்படிக் கீழே கடத்தப்படுகிறது என்பதற்கு முகலாயர் காலம் நல்ல பாடம். அங்கே அதிகாரிகளுக்குச் சம்பளமாக ஒரு பிரதேசத்தின் வரி எடுக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. அதற்கு ஜாகிர் என்று பெயர். ஆனால் ஒரே இடத்தில் வைத்திருந்தால் அந்த அதிகாரி அங்கே வேர்விட்டுத் தனி அரசனாகிவிடுவான் என்று பேரரசருக்குப் பயம். ஆகவே மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம். 1660களில் அங்கே இருந்த பிரெஞ்சு வைத்தியர் பேர்னியர் இதன் விளைவைக் கவனித்து எழுதினார். எந்த நேரமும் மாற்றப்படலாம் என்று தெரிந்தவர்கள் நிலத்தைத் திருத்துவதில் அக்கறை காட்டவில்லை, இருக்கும்போதே பிழிந்து எடுத்தார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப் 1963இல் வெளியான தன் ஆய்வில் முகலாயரின் விவசாய நெருக்கடிக்கு இந்த இடமாற்ற முறையை ஒரு முக்கிய காரணமாக வைத்தார். இதில் எல்லோரும் அவருடன் உடன்படுவதில்லை. ஆனாலும் அந்தப் பொறி எங்களுக்கு நன்றாக விளங்குகிறது. பேரரசர் தன் கதிரையைக் காப்பாற்ற அதிகாரியின் கதிரையை ஆட்டினார். அதிகாரியின் கதிரை ஆட ஆட, குடியானவரின் அடுப்பு அணைந்தது.

கதிரை உறுதியானதும்

திரும்ப எங்கட கரைக்கு வருவோம். 1797இல் கொழும்பைச் சுற்றிய பகுதிகளில் சனம் எழும்பியது. அதிகாரம் பறிக்கப்பட்ட முதலிமாரும் அதற்குள் இருந்தார்கள். கிளர்ச்சியை அடக்க 1798 வரை எடுத்தது. படை அனுப்ப வேண்டிவந்தது, ஆட்கள் செத்தார்கள், செலவு ஏறியது. அவசரமாக எடுத்த காசை அதே அவசரத்தில் துவக்குக்குச் செலவழிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் ஜெனரல் டி மெயுறோன் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போடப்பட்டது. தென்னை வரியை எடுத்துவிட வேண்டும், மதராஸ் முறையைக் கைவிட்டு முதலிமாருக்குப் பழைய இடத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. லண்டனும் இதற்குள் வேறு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகம் கையை விட்டுப் போகக் கூடாது, தீவை வைத்திருக்க வேண்டும். 1798 ஒக்டோபரில் பிரெட்றிக் நோர்த் முதல் தேசாதிபதியாக வந்தார். 1802 ஜனவரி 1இல் கரையோரம் முடிக்குரிய குடியேற்றநாடானது. அதே வருடம் மார்ச்சில் ஏமியன்ஸ் உடன்படிக்கையில் ஒல்லாந்தர் தீவைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தார்கள்.

நோர்த் காலத்தில் ஒரு சின்ன விடயம் எங்கள் கண்ணில் பட்டது. 1800 ஓகஸ்ட் 2இல் நில அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்டது. இன்றைக்கும் இருக்கிற அதே திணைக்களம்தான். போகப்போகிறவன் மரத்தை எண்ணுகிறான். இருக்கப்போகிறவன் காணியை அளக்கிறான். இரண்டும் வரிக்காகத்தான். ஆனால் அளப்பதற்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும், போட்ட காசு திரும்பி வரும் என்ற நம்பிக்கை வேண்டும்.

இதோடு கதையை முடித்தால் பிழை

இந்த இடத்தில் ஒல்சனுக்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டுக் கட்டுரையை முடிக்கலாம். நிலையான ஆட்சி நல்லது, நீண்டகாலம் இருக்கும் ஆட்சியாளன் சனத்தைப் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிடலாம். "உறுதியான ஆள் ஒருத்தர் பதினைஞ்சு இருபது வருசம் இருந்தாத்தான் நாடு உருப்படும்" என்று பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் நாங்கள் கேட்கிற கதையும் இதுதான். ஆனால் எங்கட வரலாறே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஏனென்றால் பிரித்தானியர் அதற்குப் பிறகு 1948 வரை இருந்தார்கள். குந்திய கள்ளனுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பழைய முறை திரும்பியபோது அதனுடன் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியமும் நிலைத்தது. கோல்புறூக் ஆணைக்குழுவுக்குப் பிறகு, 1832இல்தான் அது ஒழிக்கப்பட்டது. நெல்லுக்கு வரி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 1880களில் நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில், நெல்வரி நிலுவைக்காக ஏழைகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. காணி இழந்த குடும்பங்கள் பசியிலும் நோயிலும் செத்தன. அங்கே கடமையாற்றிய லெ மெசூரியர் என்ற பிரித்தானிய உத்தியோகத்தரே அதை வெளியே கொண்டுவந்தார். 1892இல்தான் அந்த வரி ஒழிக்கப்பட்டது.

நீண்டகாலம் இருக்கப்போகிற ஆட்சி ஏன் இப்படிச் செய்தது? எங்களுக்குப் படுவது இதுதான். குந்திய கள்ளன் எல்லாப் பசுவையும் பராமரிப்பதில்லை, தான் பால் கறக்கிற பசுவை மட்டும்தான் பராமரிப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அரசாங்கத்தின் பால்மாடு கோப்பி, பிறகு தேயிலை. தோட்டங்களுக்குப் பாதை வந்தது, புகையிரதம் வந்தது. நெல் விதைத்தவர் வரி கட்டும்போது தோட்டத்துரைமாரின் காணிக்கு அப்படியொரு நிலவரி இருக்கவில்லை. கோப்பி நோயால் வருமானம் விழுந்ததும் நிலுவை கேட்டுக் கை போனது வயல்காரரிடம். வலப்பனை வயல் தரிசானால் கணக்குப் புத்தகத்தில் பெரிய ஓட்டை விழாது. அதோடு தேசாதிபதிமாரும் சில வருடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள். பேரரசு நிரந்தரமாக இருந்தது, ஆனால் அதை நடத்தியவர்கள் எல்லோரும் அடுத்த பதவிக்குப் போகிற வழியில் இங்கே இறங்கியவர்கள்.

ஆகவே "எவ்வளவு காலம் இருப்பான்" என்ற கேள்வி அவசியம், ஆனால் போதாது. அடுத்த கேள்வி, அவனுடைய வருமானமும் எதிர்காலமும் யாரில் தங்கியிருக்கிறது? அன்ட்றூஸின் எதிர்காலம் மதராஸில் தங்கியிருந்தது, தென்னை வைத்திருந்தவரில் தங்கியிருக்கவில்லை. தென்னை வைத்திருந்தவர் அந்தக் கணக்குக்குள் நுழைந்தது ஒரே ஒரு வழியால்தான். 1797இல் அவர் எழும்பி நின்றார். அதுவரை விலை இல்லாமல் கிடைத்த வரிக்கு அன்றைக்கு ஒரு விலை வந்தது. தென்னை வரியை விழுத்தியது லண்டனின் நல்ல மனம் மட்டும் இல்லை, அந்த விலையும்தான். பரீட்சைக் குறிப்பில் "சனம் கிளர்ந்தது" என்ற இரண்டு சொல்லுக்குள் நாங்கள் அடக்கிவிட்டது அதைத்தான்.

வாக்குரிமை, பாராளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்ட விவாதம், கணக்காய்வாளர் அறிக்கை எல்லாம் எங்களுக்குச் சலிப்பான சொற்களாகத் தெரியலாம். ஆனால் 1797இல் உயிரைக் கொடுத்துச் செய்ததை உயிர் போகாமல் செய்வதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள் அவை. வரி எடுப்பவனின் அடுத்த பதவியை வரி கொடுப்பவரின் கையில் வைக்கிற வழிகள். அவை வேலை செய்யாத இடத்தில், கதிரையில் இருப்பவர் எந்த மொழி பேசினாலும், எங்கட ஊர்க்காரராகவே இருந்தாலும், மரத்தை எண்ணத் தொடங்கிவிடுவார்.

அடுத்த முறை ஒரு புது வரி பற்றிய செய்தி வரும்போது, எவ்வளவு வீதம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்போம். இதைப் போடுகிறவர் பத்து வருடத்துக்குப் பிறகு எங்கே இருக்கப்போகிறார்? அங்கே அவரை அனுப்பப்போவது யார்?